இடக் கை உளைவு

நோன்பு மாதத்தில்தான் நாச்சியாவின் இடது மார்பில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. பெருநாள் கழியட்டும் என்று தனக்குத் தானே தவணை கொடுத்தாள். பெருநாள் போனது, கட்டி போகவில்லை.

ஒரே மகன் அஹ்ஸன் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து, அக்கரைப்பற்றில் பெண்வீட்டோடு இருந்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் கல்முனைக்கு உம்மாவிடம் வந்துவிடுவான். அப்படி வந்த ஒரு நாள் அவள் முகம் வாடியிருந்ததைக் கண்டு, போனில் ஒரு மருத்துவச் செயலியைத் திறந்தான்.

"இப்ப டொக்டரத் தேடி அலையத் தேவல்ல உம்மா. நோவச் சொன்னா, ஆரிட்டப் போகணுமெண்டு இதே காட்டித் தரும். எங்க நோகுது?"

முப்பத்தொரு வயது மகன், தாடி வைத்த ஆம்பிளை. அவன் முன்னால் அந்தச் சொல் வாயில் வருமா? முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள்.

"இடக் கை உளையிது மகன்."

பொய்யும் இல்லை. கையும் உளைந்துகொண்டுதான் இருந்தது.

"வேற எங்கயும் கட்டி, வீக்கம் இரிக்காண்டு கேக்குது."

இயந்திரத்துக்கு என்ன வெட்கம், அது கேட்க வேண்டியதைக் கேட்டது. ஆனால் மகன் வாயால் அல்லவா கேட்டது!

"இல்ல."

உடனே திரையில் ஓர் எலும்பு டொக்டர் வந்து நின்றார், நாலரை நட்சத்திரத்தோடு. அஹ்ஸனுக்குப் பெரிய சந்தோசம். டொக்டர் எக்ஸ்ரே பார்த்து, நோவுக்கு விழுங்கக் குளிசை கொடுத்தார். நோவு குறையவில்லை என்று பதிந்ததும் அந்தச் செயலி தோள்பட்டைக்காரரைக் காட்டியது, அடுத்து கழுத்துக்காரரை. எலும்பைப் பிடித்தது பிடித்ததுதான், விடவே இல்லை. மருமகள் ஸம்றாவிடமாவது சொல்லலாம் என்றால் அவள் வயிற்றுப் பிள்ளையோடு அக்கரைப்பற்றில் இருந்தாள், பிறகு பிள்ளை பெற்றுப் படுத்துவிட்டாள். இப்படியே ஐந்து மாதம் கரைந்துபோனது.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிந்து, பிள்ளையோடு ஸம்றா வந்தாள். கை தூக்க முடியாத மாமிக்குச் சட்டை மாற்றிவிடப் போனவள், "யா அல்லாஹ், மாமி!" என்று அலறிவிட்டாள்.

மட்டக்களப்பில் பெரிய டொக்டர் எல்லாம் பார்த்தார். நேரத்தோடு வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது எலும்புவரை போய்விட்டது என்றார். நாச்சியாவுக்கு அவர் சொல்லாததும் விளங்கியது.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து அஹ்ஸன் போனோடு மல்லுக்கட்டினான். "நாசமாப் போறது, அஞ்சு மாசமா ஏமாத்திப் போட்டுது!"

"அதுக்கு ஏன் மகன் ஏசுற? நான் சொன்னதத்தானே அது கேட்டிச்சி."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

"எனக்கிட்ட ஏன் உம்மா சொல்லல்ல?"

"உனக்குப் பால் தந்த இடம் மகன். அத உனக்கிட்ட என்னெண்டு சொல்ற?"

அஹ்ஸன் போனைக் கீழே போட்டுவிட்டு, அவளுடைய இடக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதான். பிடித்த இடம் உயிர் போகிற மாதிரி நொந்தது.

"நோகுதா உம்மா?"

"இல்ல மகன்" என்றாள் நாச்சியா.