மணி கேட்கும் தூரம்

சண்டிலிப்பாய் தேவகுமாரியின் கால், அவளுடைய வீட்டுத் தொலைபேசி மணி கேட்காத இடத்தில் நிலத்தில் படாது. இதை முதலில் கண்டவர் மீன்காரர் மரியரட்ணம். 2006ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை அவர் சைக்கிளைச் சந்தியில் நிறுத்தி தராசில் ஒட்டி மீன் நிறுத்துக்கொண்டிருந்தார். சட்டியோடு வந்த தேவகுமாரி மதகைத் தாண்டியதும் நாலு விரல் உயரத்தில் அப்படியே நின்றாள். செருப்புகள் மட்டும் கீழே கிடந்தன. நடக்கத்தான் பார்த்தாள், உந்துவதற்கு நிலம் இல்லாதபடியால் நின்ற இடத்திலேயே நடந்தாள். மரியரட்ணம் கடலிலும் கரையிலும் பலதைக் கண்ட மனிதர். கத்திக் கூப்பாடு போடாமல் தராசுத் தண்டை நீட்டி அவளை மெல்லப் பின்னால் தள்ளிவிட்டார். இரண்டடி போனதும் கால் நிலத்தில் பட்டது. "பிள்ளை, இனி நீங்கள் வரவேண்டாம், நான் வீட்டை கொண்டுவந்து தாறன்" என்றார். அதன்பிறகு அந்த வீட்டுக்கு மீன் படலையடிக்கே வந்தது.

காரணம் ஊருக்குத் தெரிந்ததுதான். அந்த வருடம் தை மாதம் அவளுக்கும் கனடாவிலிருந்து வந்த சுபாஸ்கரனுக்கும் கலியாணம் நடந்தது. ஐந்து கிழமை இருந்துவிட்டு, ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனான். போன பிறகு அவள் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்தது. அதை அவனுக்கும் சொன்னாள். ஞாயிறுதோறும் பின்னேரம் நாலரைக்கு, அங்கே அவனுக்கு விடிகிற நேரத்தில், தொலைபேசி எடுப்பான். ஊரிலிருப்பவர்கள் வெளிநாட்டுக்கு எடுப்பது அப்போது வழக்கமில்லை. மணி அடிக்கும்வரை காத்திருப்பது, அடித்தால் ஓடிப்போய் எடுப்பது, வைக்கச் சொன்னால் உடனே வைப்பது, இவ்வளவுதான் இந்தப் பக்கத்து வேலை. ஆடி மாதம், ஆறாம் மாதக் கருவில் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. அந்த ஞாயிறு அவள் ஆஸ்பத்திரியில். தொலைபேசியை எடுத்தவன் அண்ணன் கேதீஸ்வரன். தூர தேசத்தில் தனியே கிடப்பவனுக்கு இதை எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல், "அவள் கோயிலுக்குப் போட்டாள்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு மணி அடிக்க அவளே எடுத்தாள். "இஞ்சை ஒரு விசயம் சொல்லவேணும்" என்று தொடங்கினாள். "பொறும், ரெலிபோன் காட் முடியப்போகுது. வையும், வேறை காட் வாங்கிப் போட்டுத் திருப்பி எடுக்கிறன்" என்றான் அவன். "ஓம், எடுங்கோ" என்று சொல்லி அவள் வைத்தாள். அன்று அவன் எடுக்கவில்லை. கடை பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை சண்டை திரும்பத் தொடங்கி, பாதை மூடப்பட்டு, குடாநாட்டுத் தொலைபேசிகள் செத்தன. பிறகு லைனுக்கு உயிர் வந்தது. அவனுடைய குரல் வரவில்லை. அவன் இருந்த அறையின் இலக்கத்துக்குக் கேதீஸ்வரன் எடுத்துப் பார்த்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது. அந்தக் கிழமைதான் மரியரட்ணம் தராசை நீட்டினார்.

மணி அடித்துக்கொண்டிருக்க வேண்டுமென்றில்லை. அடித்தால் அவளுக்குக் கேட்குமோ கேட்காதோ என்பதுதான் விசயம். அதைக் கால் தானாக அறிந்துகொண்டது. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, ஊரடங்கு வேறு. ஒரு தேங்காய் விழுந்தால் மூன்று ஒழுங்கைக்குக் கேட்ட காலம் அது. கிழக்கே மதகு வரைக்கும், மேற்கே அவள் படிப்பித்த பாலர் பாடசாலையைத் தாண்டி முருகன் கோயில் கேணி வரைக்கும், தெற்கே புகையிலைத் தோட்டத்தின் கடைசி வரம்பு வரைக்கும் அவள் போய் வந்தாள். ஊரெல்லாம் அடைபட்டுக் கிடந்த அந்த நாட்களில்தான் அவளுடைய உலகம் பெரிதாக இருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

சண்டை முடிந்ததும் கேதீஸ்வரன் ஒரு கைத்தொலைபேசி வாங்கினான். ஒவ்வொரு மாதப் பிறப்பன்றும் அதிலிருந்து வீட்டு இலக்கத்துக்கு எடுத்து மணியை அடிக்கவிட்டு, தங்கையை நடக்கச் சொல்லி, சத்தம் தேய்கிற இடத்தில் வேலிக் கதியாலில் சுண்ணாம்புக் கோடு போட்டான். மற்ற வீடுகளிலும் கைத்தொலைபேசி வந்தது. முதலில் வீட்டுக்கு ஒன்று, பிறகு ஆளுக்கு ஒன்று. தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுகிறவனின் இடுப்பில் சினிமாப் பாட்டு அடித்தது. தேர் இழுக்கிறவனின் மடியில் அடித்தது. செத்தவீட்டில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க அவருடைய பைக்குள்ளேயே அடித்தது. கூடவே மாதக் காசு கட்டி எடுத்த லீசிங் மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் வந்தன. பெண்கள் லண்டனிலும் சுவிசிலும் இருக்கிற புருசன்மாரின் முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்து, ஆடு குட்டி போட்டதையும் பலா காய்த்ததையும் காட்டினார்கள். மணி அடிக்கும் என்று வீட்டுக்குள் காத்திருக்கிற ஆள் ஊரில் ஒருத்திதான் மிஞ்சினாள். இந்த இரைச்சல் கூடக் கூட வீட்டு மணி கேட்கும் தூரம் குறைந்தது. சுண்ணாம்புக் கோடு வருடா வருடம் வீட்டை நோக்கி வந்தது.

2012இல் கோடு பாலர் பாடசாலைப் படலையில் நின்றது. ஒரு தவணை முழுக்க அவள் படலைக்கு வெளியே நின்று படிப்பித்தாள். பிள்ளைகளை வேப்பமரத்தின் கீழே கொண்டுவந்து இருத்தினார்கள். அடுத்த தவணை அதுவும் முடியாமல் போனது. பிள்ளைகள் வரிசையாக வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவள் அழுததை ஊர் பார்த்தது. அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. 2016இல் முன்வீட்டு மாமரமே எல்லையானது. 2019இல் கிணற்றடியும் போனது. கேதீஸ்வரனின் மனைவி றஜிதா தண்ணீர் அள்ளிக்கொண்டுவந்து குளியலறையில் நிரப்பினாள்.

இடையில் ஒருமுறை, கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டுமென்று கேதீஸ்வரன் அவளைக் கையில் பிடித்து எல்லைக்கு வெளியே இழுத்தான். அடிக்கு அடி அவள் உயர்ந்தாள். நாலாவது வீட்டை நெருங்கும்போது அவளுடைய பாதம் அவன் நெஞ்சுக்கு நேரே வந்துவிட்டது. அவன் பயந்துபோய்த் திரும்பினான். அதன்பிறகு அவளுக்குத் தூரத்தில் உள்ளது மங்கலாகத்தான் தெரிந்தது. தூரத்தில் பார்க்க அவளுக்கு எதுவும் இருக்கவுமில்லை.

சுபாஸ்கரன் செத்துப்போகவில்லை. 2013இலேயே கேதீஸ்வரன் அவனை ஃபேஸ்புக்கில் கண்டுபிடித்திருந்தான். பக்கத்தில் ஒருத்தி, மடியில் இரண்டு பிள்ளைகள், பின்னால் பனி. மூன்று நாள் யோசித்துவிட்டுத் தங்கையிடம் காட்டினான். அவள் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"மெலிஞ்சு போனார்" என்றாள்.

"பிள்ளை செத்ததை நான் எழுதி அனுப்பிவிடட்டே?" என்று கேட்டான் கேதீஸ்வரன். ஏழு வருடமாக அவனுடைய நெஞ்சுக்குள் கிடந்து அறுத்த விசயம் அது.

"பெத்த தேப்பனுக்குப் பிள்ளை செத்த கதையை மெசேச்சிலை அனுப்புறதோ? அவர் எடுப்பார். நான் வாயாலை சொல்லவேணும். அதுக்குப் பிறகு அவர் ஆரோடை இருந்தாலென்ன."

அதற்குமேல் அவளோடு கதைக்க முடியாது. அவளுக்குப் புருசன் வேண்டியிருக்கவில்லை, கனடாவும் வேண்டியிருக்கவில்லை. உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டுமே சொந்தமான ஒரு சாவை அவள் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தாள். மற்றவனுடைய பங்கை அவனிடம் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கேதீஸ்வரன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். எழுதாதே என்று அவள் சொன்னதை அவன் கேட்டிருக்கக்கூடாது என்று ஊரில் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

2024 புரட்டாதியில் தொலைபேசிக் கம்பனி செம்புக் கம்பிகளைக் கழற்ற வந்தது. நாற்பத்திரண்டு கம்பங்களில் ஓடிய கம்பி அந்த ஒரு வீட்டுக்காகத்தான் ஓடியது. தேவகுமாரி இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தாள். வந்த பதிலில் கம்பியில்லாத தொலைபேசிக்கு ஒரு படிவம் இருந்தது. இலக்கம் மாறுமோ என்று லைன்காரர் பொன்னம்பலத்திடம் கேட்டாள். "மாறும் அம்மா" என்றார் அவர். அவள் படிவத்தை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தாள். பொன்னம்பலம் நல்ல மனிதர். தேத்தண்ணீர் குடித்து முடித்து, மன்னிப்புக் கேட்பதுபோல ஒருதரம் றிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, வெளியே போய்க் கம்பியை வெட்டினார்.

கேதீஸ்வரன் அன்றைக்கு நல்லூருக்குப் போக ஓட்டோ பேசி வைத்திருந்தான். மணியே இல்லையென்றால் எல்லையும் இல்லை, இனி அவள் எங்கேயும் போகலாம் என்பது அவனுடைய எண்ணம். றஜிதா அவளுக்கு ஒரு புதுச் சேலைகூட எடுத்து வைத்திருந்தாள். ஆனால் நடந்தது வேறு. மணி கேட்காத இடத்தில் கால் படாது என்பதுதான் சட்டம். இப்போது மணி எங்கேயும் கேட்காது. ஓட்டோ வந்து நின்றபோது தேவகுமாரி நடு ஹோலில் நாலு விரல் உயரத்தில் நின்றாள். ஓட்டோக்காரன் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அப்ப நான் போட்டுவாறன் அண்ணை" என்று போய்விட்டான்.

ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உயர்ந்தாள். தலை தட்டியதும் உடம்பு குப்புறச் சரிந்து, பத்தாம் நாள் முதுகு சீலிங்கில் முட்டியது. மின்விசிறியைக் கழற்றினார்கள். சாப்பாட்டையும் தேத்தண்ணீர்ப் போத்தலையும் ஷொப்பிங் பையில் போட்டு, மாங்காய் ஆய்கிற கொக்கத்தடியில் கொழுவி மேலே நீட்டினார்கள். மற்றத் தேவைகளுக்கு றஜிதா ஏணி வைத்து ஏறினாள். பார்க்க வந்தவர்கள் இரண்டு கிழமை வந்தார்கள். கழுத்து வலித்ததும் நிறுத்திவிட்டார்கள்.

கார்த்திகையில், ஒரு ஞாயிறு பின்னேரம், றஜிதாவின் கைத்தொலைபேசி அடித்தது. வெளிநாட்டு இலக்கம். றஜிதா சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாள்.

"நான் சுபாஸ்கரன். வீட்டு நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தன், வேலை செய்யேல்லை. ஃபேஸ்புக்கிலை தேடி இந்த நம்பரை எடுத்தனான். தேவகுமாரி நிக்கிறாவோ?"

நிற்கிறாள் என்றுதான் றஜிதாவும் சொன்னாள். தொலைபேசியைப் பையில் போட்டுக் கொக்கத்தடியில் கொழுவினாள். அவசரத்தில் பை இரண்டுதரம் சுவரில் இடித்தது. தேவகுமாரி வாழ்க்கையில் முதன்முதலாகக் கைத்தொலைபேசியில் கதைத்தாள். சத்தம் கூட்டினபடியே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. அவன் அவசரமாகக் கதைத்தான். பிள்ளைக்கு இப்போது பதினெட்டாகியிருக்கும். தான் செய்தது பிழைதான், ஆனால் பிள்ளையை மறக்கவில்லை. அங்கே ஒரு லோயரோடு கதைத்திருக்கிறான். பிள்ளையைக் கூப்பிட இன்னும் வழி இருக்கிறதாம். பாஸ்போட் எடுக்க வேண்டும். பிறகு, "எனக்கு இன்னும் தெரியாது… பெடியனோ, பொம்பிளைப்பிள்ளையோ?" என்று கேட்டான்.

"பிள்ளை இல்லை" என்றாள் தேவகுமாரி. "வயித்துக்குள்ளையே போட்டுது. ஆறாம் மாசம்."

"ஹலோ? விட்டு விட்டுக் கேக்குது. என்ன மாசம்?"

அவள் திரும்பச் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் தரம் உச்சக் குரலில் கத்தினாள். "பிள்ளை செத்துப்போச்சு! பொம்பிளைப்பிள்ளை! செத்துப்போச்சு!" பதினெட்டு வருடமாக வாயில் பக்குவமாக வைத்திருந்த சொற்களை முன்வீட்டுக்காரனும், ஒழுங்கையில் போன பாண்காரனும் கேட்டார்கள். பாண்காரன் ஓட்டோவில் போட்டிருந்த பாட்டை நிறுத்தினான்.



"அதை அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றான் சுபாஸ்கரன்.

"ஓம்" என்றாள் அவள். அவன் வைத்துவிட்டான்.

கீழே கேதீஸ்வரன் நிலத்தில் குந்தியிருந்து தலையில் கைவைத்து அழுதான். றஜிதாவுக்குத்தான் முதலில் மூளை வேலை செய்தது. சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி அவளைப் பிடித்து வைத்திருக்க ஒன்றுமில்லை, எந்த நிமிடமும் விழுவாள் என்று நினைத்தாள். ஓடிப்போய் வீட்டிலிருந்த இரண்டு மெத்தை, நாலு தலையணை, முன்வீட்டுக்காரரின் பாய் எல்லாவற்றையும் கொண்டுவந்து அவளுக்கு நேர் கீழே அடுக்கினாள். அன்று முழுக்கவும் அடுத்த நாளும் ஆள்மாறி ஆள் காவல் இருந்தார்கள். தேவகுமாரி விழவில்லை, மேலேயிருந்து மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் முன்வீட்டுக்காரருக்கு விருந்தாளிகள் வந்ததால் பாயைக் கேட்டார்கள். றஜிதா பாயைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, மெத்தைகளையும் தூக்கிக் கட்டிலில் போட்டாள்.