பதினொரு மாதமாகப் புகார் இல்லை

ஏணி செய்யும் அந்தக் கம்பெனியில் மூன்று வாரமாக வேறு பேச்சே இல்லை. தர விருதுக்கு மதிப்பிடுகிறவர்கள் வரப்போகிறார்கள். வாசல் கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று, உடைந்த நாற்காலிகளைக் கிடங்கில் ஒளித்தாயிற்று. எல்லோருடைய கழுத்து அட்டையின் பின்பக்கத்திலும் தரக் கொள்கை நான்கு வரியில் அச்சாகியிருந்தது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்க வேண்டும் என்பது உத்தரவு. காவலாளிக்கு மட்டும் மூன்றாவது வரி ஒட்டவேயில்லை.

"வாடிக்கையாளர் எதிர்பார்ப்பை மிஞ்சுவோம்னு வருதா, மீறுவோம்னு வருதா?" என்று வருவோர் போவோரையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை ஏற்பாடுகளுக்கும் பொறுப்பு, தரப் பிரிவின் தலைவி. அவளுடைய தங்கைக்கு அதே கம்பெனியில் புகார் மேசையில் தொலைபேசி எடுக்கும் வேலை. அக்கா சொல்லித்தான் அந்த வேலை கிடைத்தது என்பதால் அலுவலகத்தில் தங்கைக்குக் 'கொசுறு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவளை வாங்கினால் சும்மா கிடைத்தது என்று அர்த்தம். கொசுறுவுக்கு அதில் வருத்தமில்லை. அவளே தன்னைப் பற்றி அதைவிடக் குறைவாகத்தான் நினைத்திருந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் அவள்.

அந்தச் சந்தேகமே வேலையில் ஒரு வழக்கத்தை உண்டாக்கியிருந்தது. கேட்டதைச் சுருக்கி எழுதினால் தப்பாகச் சுருக்கிவிடுவோமோ என்ற பயத்தில், பேசியவர் சொன்னதைச் சொன்னபடியே கணினியில் ஏற்றிவிடுவாள். ஆறு படி மடக்கு ஏணியில், விரித்ததும் 'டக்'கென்று விழுந்து பிடிக்க வேண்டிய பூட்டு ஒன்று உண்டு. சில ஏணிகளில் அது விழவில்லை. பதினொரு மாதத்தில் ஏழு பேர் கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஒருவர் பெயிண்டர்.

"ரெண்டாவது படியிலதான் நிக்கிறேம்மா. ஏணி எனக்குக் கும்பிடு போடுது. நல்லவேளை, நாலாவது படி ஏறல."

அதையும் அப்படியே எழுதினாள்.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சாயங்காலம் அக்கா பாத்திரம் தேய்ப்பாள், தங்கை துடைத்து அடுக்குவாள்.

"இன்னைக்கு யாருடி திட்டுனாங்க?" என்று அக்கா ஆரம்பிப்பாள். கும்பிடு போடும் ஏணியைக் கேட்டுவிட்டு, நுரைக் கையோடு தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "எப்ப வாங்குனாராம்? ரசீது வச்சிருக்காரா?" என்று கேட்டாள்.

"தொலைச்சிட்டாராம் பாவம்."

இவ்வளவு கேட்கிறாளே, நாளைக்கே எஞ்சினியரிடம் எடுத்துப் போவாள் என்று தங்கை நம்பினாள். ஒவ்வொரு நாளும் நம்பினாள்.

மதிப்பிடுகிறவர்கள் வருவதற்கு முந்தைய நாள் மதியம், புகார்ப் பதிவேட்டை அச்செடுத்துக் கோப்பாகக் கட்டிக் கொசுறுவின் மேசைக்கு அனுப்பினார்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டால் போதும், படிக்கத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொசுறுவால் படிக்காமல் போட முடியாது.

முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: பதினொரு மாதம், புகார் பூஜ்யம்.

பிறகு 'விளக்கம் கேட்டவர்கள்' என்றொரு பட்டியல். அந்த ஏழு பேரும் அதில் இருந்தார்கள். ஏழு பேருக்கும் எதிரே ஒரே வாசகம்: 'வாடிக்கையாளர் பூட்டைச் சரியாகப் போடவில்லை. முறை விளக்கப்பட்டது.' பதிந்தவர் என்ற கட்டத்தில் அவளுடைய ஊழியர் எண்.

அவளுக்கு முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. நாமே ஏதோ அவசரத்தில் இப்படி எழுதிவிட்டோமா? சாப்பிட்ட மயக்கத்தில்? மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை, பெயிண்டரின் வரிசைக் கடைசியில் இருந்த நான்கு சொற்களில் கண் நின்றது. 'ரசீது தொலைந்ததாக அவரே கூறினார்.'

அதை அவள் எங்குமே எழுதியிருக்கவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம் மட்டும் சொன்னது.

ஈரத்துணியைப் போட்டுக் கழுத்தை அறுப்பது என்பார்கள். அந்தத் துணியைத் தினமும் தானே கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அக்கா கூட்ட அரங்கில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதை யாரு மாத்துனது?"

அக்கா கோப்பைப் பார்க்கவேயில்லை. "மாத்தல, வகை பிரிச்சோம். புகார் வேற, விளக்கம் வேற."

"ஏணி ஆளோட மடங்குறது விளக்கமா?"

"மெதுவாப் பேசுடி. மைக் ஆன்ல இருக்கு." அதை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எஞ்சினியர்கிட்ட சொல்லிட்டேன். பூட்டை வார்க்கப் புது அச்சு போடணுமாம். விருது வரட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு முதலாளி சொல்றாரு. வித்தது எத்தனை ஆயிரம், கூப்பிட்டது ஏழு பேரு. கொஞ்சம் பொறுத்துக்க."

"சரி, என் நம்பரை எதுக்குப் போட்ட?"

அக்கா ஒயரைச் சுருட்டினாள். "நீ எழுதுனதுன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

பாராட்டுகிற குரலில்தான் சொன்னாள்.

மறுநாள் வந்தவர்களில் தலைமை மதிப்பீட்டாளர் ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதை மேசையில் தேடுகிறவர். ஊழியர் பட்டியலில் பேனாவை ஓட்டி, புகார் மேசையில் நிறுத்தினார். காகிதக் கட்டுகள் அடுக்கிய சின்ன அறையில் அவளை எதிரே உட்காரவைத்தார்.

"பயப்படாதீங்க. இங்க பேசுறது இந்த நாலு சுவரைத் தாண்டாது. பதினொரு மாசமா ஒரு புகார்கூடவா வரல?"

ஆமாம் என்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அவளுக்குப் பெயிண்டரின் நாலாவது படி ஞாபகத்துக்கு வந்தது.

"ஏழு வந்துச்சு சார். எல்லாம் ஒரே பூட்டு. நான் எழுதுனது வேற, இதுல இருக்கிறது வேற."

அவர் நிதானமாகக் குறித்துக்கொண்டார். "ஏழுதானா? நிச்சயமா?" அவள் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். "ரொம்ப நன்றிம்மா. உங்களை மாதிரி ஆளுங்கதான் வேணும்," என்றார். வெளியே வந்தபோது அவளுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

இரண்டாம் நாள் மாலை எல்லோரையும் அரங்கில் கூட்டினார்கள். மதிப்பீட்டாளர் கம்பெனியின் சிறப்புகளை வாசித்தார். நான்காவதாக வந்தது இது:

"ஊழியர்கள் குறைகளை அச்சமின்றிப் பேசுகிறார்கள். பதிவுகள் மாற்றி எழுதப்பட்டதைப் புகார் மேசை ஊழியர் தாமாகவே எங்களிடம் எடுத்துச் சொன்னது, இங்குள்ள திறந்த மனப்பான்மைக்குச் சான்று."

கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. புகார் மேசையில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான். அடுத்து, மேம்படுத்த வேண்டியவை. 'புகார், விளக்கம் ஆகியவற்றை இன்னும் தெளிவாக வரையறுக்கலாம்' என்று ஒரு வரி. பூட்டு என்ற சொல் கடைசி வரை வரவேயில்லை.

நடைவழியில் அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏத்திவிட்ட ஏணியையே எட்டி ஒதச்சிட்டியேடி."

பின்னால் வந்த கிடங்குக்காரர் விடவில்லை. "ஒதைக்கவே வேணாம் மேடம். நம்ம ஏணி தானாவே மடங்கிரும்."

அக்காவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். கொசுறுவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஆறு வாரத்தில் விருது வந்தது. கண்ணாடிக் கேடயம். அக்கா மேடையேறி வாங்கினாள். வீட்டில் இப்போது அவரவர் தட்டை அவரவர் கழுவினார்கள். ஆனாலும் கொசுறு காத்திருந்தாள். விருது வந்தால் அச்சு வரும் என்று சொன்னார்களே. ஒரு திங்கட்கிழமை காலை எஞ்சினியரிடமே போய்க் கேட்டாள்.

"அச்சா?" என்றார் அவர். "நானும் கேட்டேன். புகாரே இல்லைன்னு விருது குடுத்துட்டாங்க, இனி எதுக்குய்யா அச்சுன்னு முதலாளி கேக்குறாரு. நான் என்ன பதில் சொல்ல?"

அவள் மேசைக்குத் திரும்பி வந்தாள். ஏழு எண்களையும் ஒரு தாளில் எழுதினாள். முதலில் பெயிண்டரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஏணிக் கம்பெனியிலருந்து பேசுறேன். அந்த ஏணியில ஏறாதீங்க. பூட்டு சரியில்ல."

"யாரு, அந்தப் பொண்ணா? நீதானேம்மா எனக்கு லெட்டர் போட்ட, பூட்டை ஒழுங்காப் போடலன்னு? இருபத்தாறு வருஷமா ஏணியில நிக்கிறவனுக்குப் படம் போட்டுல்ல விளக்கியிருந்த!"

"லெட்டரா? நான் எழுதலண்ணே."

"கீழ உன் பேரு இருக்கு." அவருக்கு மூச்சு வாங்கியது. "அன்னைக்கு என் தப்புன்ன, இன்னைக்கு பூட்டு தப்புங்குற. நீ ஏறுன்னாலும் நான் கேக்கப் போறதில்ல, எறங்குன்னாலும் கேக்கப் போறதில்ல. தபால் ஆபீசுல மேல்சுவரு அடிச்சிட்டிருக்கேன், அதே ஏணிதான். வச்சிரும்மா, கை வழுக்குது."

தொடர்பு அறுந்தது. மறுபடி எண்ணை அழுத்தப் போனாள். ஒரு விரல் வந்து தொலைபேசியின் பொத்தானை அமுக்கிக்கொண்டது. அக்கா.

"என்னடி பண்ற? கேடயத்தைத் திருப்பி வாங்கிருவாங்க. எனக்கு வேலை போயிரும், உனக்கும் போயிரும்."

"லெட்டரும் நீதான் போட்டியா?"

அக்காவின் கண் தாளிலிருந்த ஏழு எண்கள்மேல் போனது.

"ஏழு பேருக்குமா?"

விரல் பொத்தானிலேயே இருந்தது. அக்கா வேறெங்கோ பார்த்தாள்.

தங்கை தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"தபால் ஆபீசுக்கு."

"அங்க எதுக்கு?"

"நான் சொன்னா அவரு எறங்க மாட்டாரு," என்றாள். "போய் ஏணியையாவது பிடிச்சுக்கிறேன்."

கதவைச் சாத்தியதா இல்லையா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டியதும் ஓடத் தொடங்கினாள்.