தனி ஒப்பந்தம்

எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தின் வாசலில் அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நீங்கள் எந்தப் பத்திரிகையிலும் படித்திருக்க மாட்டீர்கள். தலைமை தாங்கியவன் நான். காட்டிக்கொடுத்தவனும் நான்தான். அடுத்தவன் வாயால் கேட்டு நீங்கள் என்னைத் திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அருள்மேரி என்று ஒரு பெண். இயன்முறை மருத்துவம் படித்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வயதானவர்கள் மெதுவாகக் கை காலை அசைத்து, மூச்சைக் கவனித்து வந்தால் மறதி குறைகிறதா என்று ஆராய்ச்சி. சீன தேசத்துப் பயிற்சியாம். ஒரு கை மேலே போய்க் கீழே வருவதற்குள் வெற்றிலை போட்டு மென்று துப்பிவிடலாம். அந்த வேகத்தில் நாங்கள் நட்டிருந்தால் சம்பா நடவு சித்திரையில்தான் முடிந்திருக்கும்.

நான் சேர்ந்தது எனக்காக இல்லை. இந்தச் சாமிதுரையின் ஞாபகம் கெட்டி என்பது ஊருக்கே தெரியும். எந்த வருஷம் எந்த வாய்க்காலில் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை என்று கேளுங்கள், சொல்கிறேன். என் மனைவி அம்சத்துக்காகச் சேர்ந்தேன். ஆறேழு மாதமாக அவளுக்கு மறதி. முதலில் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. உங்கள் நாக்குதான் சரியில்லை என்று சண்டைக்கு வந்தாள். பிறகு ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது எங்கள் தெருமுனையிலேயே நின்றுகொண்டு, முட்டை வியாபாரியிடம் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறாள். கேள்விப்பட்டதும் பயந்துபோனேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முதல் நாள் ஞாபகச் சோதனை. அருள்மேரி ஐந்து சொல் சொல்வாள், பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் உள்ளே போனவர் ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. சாரங்கபாணி. வெளியே வந்ததும் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம், "குடை, பசு, தேங்காய், சாவி, செவ்வாய்க்கிழமை" என்று நகல் வழங்கிவிட்டார். ஊரே முழு மதிப்பெண் வாங்கியது. அருள்மேரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டு, பிறகு ஆளுக்கொரு பட்டியல் போட்டுக் கேட்டாள். அம்சத்துக்கு ஐந்தில் ஒன்றுதான் வந்தது.

அடுத்தது சீட்டு. குடத்துக்குள் கையை விட்டு எடுக்க வேண்டும். நீலம் வந்தால் பயிற்சி. மஞ்சள் வந்தால் பேச்சு, அதாவது வாரம் ஒருநாள் உட்கார்ந்து கண், பல், உப்பு பற்றிக் கேட்பது. எனக்கு நீலம் வந்தது. அம்சத்துக்கு மஞ்சள். என் வயசுக்காரன் காத்தானுக்கும் மஞ்சள். அவனுக்கு ஒரு பல்கூடக் கிடையாது. பல் துலக்குவது எப்படி என்று ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வந்தான்.

"என் சீட்ட அவளுக்குக் குடுத்துடுறேன் டாக்டரம்மா," என்றேன்.

"முடியாதுங்கய்யா. மாத்தினா ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும்."

சரி, வீட்டில் நானே சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்தேன். இடது கை மேலே போன பிறகு எந்தக் கால் நகர வேண்டும் என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஞாபகம் கெட்டிதான், அது வேறு விஷயம்.

எனக்குத் தெரிந்த மருந்து இன்னொன்று உண்டு. இருபத்து நான்கு வயதிலேயே விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குக் கிளைச் செயலாளராக இருந்தவன் நான். மஞ்சள் சீட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேரையும் கூட்டினேன். "ஒரே ஊரு, ஒரே கிழடு. பாதிப் பேருக்குப் பயிற்சி, பாதிப் பேருக்குப் பல்பொடியா?" என்று கேட்டேன். எல்லோரும் கை தூக்கினார்கள். காத்தானும் தூக்கினான், என் முகத்தைப் பார்க்காமல். நாங்கள் பேசி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.

புதன்கிழமை காலை வாசலை மறித்து உட்கார்ந்தோம். "வழங்கு வழங்கு, சமப் பயிற்சி வழங்கு!" அருள்மேரி பையோடு வந்து நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பார்த்தாள். உடனே முத்தரப்புப் பேச்சுவார்த்தை. வருவாய்த் துறை ஆள் இல்லாமல் பேசினால் செல்லாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் சாரங்கபாணி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பழைய தோரணை வந்துவிட்டது.

"ஒரு பாத்திக்கு உரம் போட்டு, பக்கத்துப் பாத்திக்குப் போடாம விட்டாத்தானே உரம் வேலை செஞ்சுதான்னு தெரியும்?" என்றாள் அருள்மேரி.

எங்கள் ஆட்கள் தலையாட்டிவிட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. காத்தான்தான் காப்பாற்றினான்.

"அந்தப் பாத்தியில நிக்கிறது நெல்லு, டாக்டரம்மா. நெல்லு வாயத் தொறந்து கேக்காது. நாங்க கேப்போம்ல?"

நான் ஒரு படி இறங்கினேன். "முழுசா வேணாம், பாதி குடுங்க. ஒரு கைக்கு மட்டும் சொல்லிக் குடுங்க."

"எந்தக் கை?" என்று கேட்டுவிட்டுச் சாரங்கபாணி பேனாவைத் திறந்தார்.

அருள்மேரி கும்பிட்டாள். "மூணு மாசம் பொறுத்துக்குங்க. அப்புறம் உங்க எல்லாருக்கும் முழுசாச் சொல்லித் தர்றேன். எழுதியே தர்றேன்."

"மூணு மாசமெல்லாம் ஆவாது," என்றான் காத்தான். மற்றவர்கள் கசமுசவென்று பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை சும்மா இருந்த அம்சம் அருள்மேரியின் கையைப் பிடித்தாள்.

"மூணு மாசம் கழிச்சு வர்றதுக்கு எனக்கு வழி தெரியணுமே, பாப்பா."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. கடைக்கு எந்தப் பஸ் போகும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அருள்மேரி பையிலிருந்து பெயர் நோட்டை எடுத்துப் புரட்டினாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நோட்டுலேருந்து உங்க வீட்டம்மா பேர அடிச்சிடுறேங்கய்யா. ஆராய்ச்சியில இல்லாதவங்க சும்மா வந்து நின்னு செஞ்சா யாரும் கேக்க முடியாது. ஆனா ஒருத்தருக்குத்தான் முடியும். எல்லாரையும் அடிச்சா காலேஜுல என்னைய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

தனி ஒப்பந்தம்! சங்கத்தில் அதற்குப் பெயர் துரோகம். அரைப்படி கூலி உயர்வுக்காக ஒரு குறுவை அறுப்பில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒன்பதாம் நாள் காத்தான் மட்டும் தனியாகப் பேசிப் பண்ணைக்கு அறுக்கப் போனான். அவன் பெண்டாட்டி பிள்ளை பெற்றுக் கிடந்தாள், வீட்டில் கஞ்சிக்கு இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் தெருவில் நின்று, "கருங்காலி!" என்று ஊர் கேட்கக் கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் அம்சத்தைப் பார்த்தேன். கொள்கையை நினைத்துப் பார்த்தேன், அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மறித்து உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி உள்ளே போனேன்.

"கருங்காலி!"

கூடமே அதிர்ந்தது. காத்தான் எழுந்து நின்று, பல் இல்லாத வாய் முழுக்கச் சிரிப்போடு கத்திக்கொண்டிருந்தான். "டேய் சாமிதுரை! கருங்காலி! கூட்டிட்டுப் போடா, நல்லாக் கூட்டிட்டுப் போ! இங்க நான் பாத்துக்குறேன்!" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தலைமையை அவன் எடுத்துக்கொண்டான். மறுநாள் சாயங்காலத்துக்குள் மூன்று மாதத்தை இரண்டரை மாதமாக்கி எழுதி வாங்கிவிட்டான். நான் இருந்திருந்தால் ஒரு கையோடு விட்டிருப்பேன்.

அன்றைக்கு உள்ளே பயிற்சி ஆரம்பித்தது. அம்சம் அருள்மேரியைப் பார்த்து மெதுவாகக் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன், தப்பான கையை. வெளியே சத்தம் ஓயவில்லை.

"வாசல்ல யாருங்க அது, உங்கள இந்தத் திட்டு திட்டுறது?"

"காத்தான்."

"நம்ம காத்தானா? அவங்கூட நீங்க பேச மாட்டீங்களே."

இதை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறாள். "தப்பு என்மேலதான், அம்சம். இன்னைக்கே போய்ப் பேசிடுறேன்," என்றேன்.

"பேசுங்க," என்றாள் கையை இறக்கிக்கொண்டே. "நானும் உங்கள மறந்துட்டா, பேச உங்களுக்கு ஒரு ஆளு வேணும்ல."