மேலே இருப்பவர் சொல்ல வேண்டும்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக்குக் குறைந்த கட்டடத்தைக் கட்டடம் என்றே ஒத்துக்கொள்ளாதவர். ஆறு மாதத்துக்கு முன்னால் ஷாஃப்ட்டில், அதாவது லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுப் பொந்தில், வழுக்கி விழுந்தார். கால் எலும்பு கூடிவிட்டது, மனசுதான் கூடவில்லை. பல்பு மாற்ற ஸ்டூல் போட்டால் அதையே முறைத்துக்கொண்டு நிற்பார். கடைசியில் நான்தான் ஏறி மாற்றுவேன்.

திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். ஒன்று, பழையபடி ஷாஃப்ட் வேலை. இல்லையென்றால் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை.

"ஸ்டோர்னே சொல்லிடறேன்மா" என்றார் இவர். ஷாஃப்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டையே மறக்கிற மனுஷன் இவர்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. கடலோரப் பாறைப் பூங்காவுக்குக் கிளப்பிக்கொண்டு போனேன்.

காற்றும் அலையும் தின்றது போக மிச்சம் வைத்த பாறைகள் அங்கே வரிசையாக நின்றன. ஒன்று முழுக்கப் பொத்தல், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரி. ஒன்று கழுத்து மெலிந்து, தலை பெருத்து, இதோ விழுகிறேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய பாறைக்கு நடுவில் ஓர் ஓட்டை. அதன் வழியே கடல் தெரிந்தது.

"இவ்வளவு அரிச்சும் நிக்குதே!" என்றார் இவர்.

"நீங்களும்தான் நிக்கிறீங்க. நின்ன இடத்துலேயே நிக்கிறீங்க" என்றேன்.

ஓட்டைப் பாறையின் உச்சிக்கு ஏற வழி இருந்தது. கீழ்ப்பாதிக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி. மேல்பாதிக்குப் பாறையில் விழுந்த குழிகள்தான்.

"வாங்க, ஏறலாம்."

"நீ போய்ட்டு வா. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

செருப்பைப் பார்த்துக்கொள்கிறாராம்! வந்த கோபத்தில் மடமடவென்று ஏறிவிட்டேன். உச்சியில் நின்று, பார்த்தீர்களா என்று கேட்கத் திரும்பி, கீழே பார்த்தேன். அவ்வளவுதான். அப்படியே உட்கார்ந்து, பாறையைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினேன்.

"என்னங்க! என்னால இறங்க முடியலங்க! வாங்க!"

கம்பி கிறீச்சிடும் சத்தம் மேலே வந்தது. கம்பி முடிகிற இடத்தில் அதுவும் நின்றுபோனது.

"சொல்லு" என்றார்.

"என்னத்தச் சொல்றது?"

"அடுத்த கால் எங்க வைக்கணும்னு சொல்லு. மேல இருக்கிறவங்கதான் சொல்லணும்."

அது அவர்கள் தொழில் வழக்கம். ஷாஃப்ட்டில் இரண்டு பேர் வேலை செய்தால், மேலே இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அசைய வேண்டும். பெண்டாட்டி உச்சியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது எந்த மனுஷனாவது சட்டம் பேசுவானா? இவர் பேசினார்.

"கண்ண மூடிட்டிருக்கேங்க!"

"தொற."

திட்டிக்கொண்டே திறந்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் என் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. இவரை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"வலது கால். முட்டிக்கு நேரா ஒரு குழி."

"வலது கால், முட்டிக்கு நேரா." வைத்தார்.

"இடது கை. தலைக்கு மேல விளிம்பு."

"இடது கை, தலைக்கு மேல." பிடித்தார்.

ஒவ்வொரு குழிக்கும் அவர் குரல் கெட்டிப்பட்டது. கடைசிக் குழியில், "ஏன் கத்தற? காது கேக்குது எனக்கு" என்று அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன எனக்கு.

உச்சிக்கு வந்து நிமிர்ந்து நின்று, "நடிச்சியா?" என்று கேட்டார்.

"நடிப்பா? தொட்டுப் பாருங்க."

என் கை ஐஸாகக் கிடந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

முதலில் என்னை இறக்கினார். அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, ஒரு வழியாக மணலுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணாந்து பார்த்தால் ஆள் இறங்குகிற மாதிரியே இல்லை. பாறை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அலைச் சத்தத்தில் அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது.

"சார், நாளைக்கு வர்றேன்! இல்ல சார், ஸ்டோருக்கு இல்ல! ஷாஃப்ட்டுக்கு! ஷாஃப்ட்டுக்கு சார்!"

பூங்காவே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "யாரும்மா அது, பாறை மேல உக்காந்துக்கிட்டு இப்படிக் கத்தறது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்!" என்றேன், அவரைவிடச் சத்தமாக.