வர முடியுமா, அண்ணே?

பிரயூனின் போனில் அவர்களுடைய தாய்லாந்து எழுத்து வராது. மீன் ஏற்றும் சரக்குக் கப்பலில் சமையல்காரன் அவன். ஏதோ ஒரு துறைமுகத்தில் யாரோ கழித்துவிட்ட போனை வாங்கி வைத்திருந்தான். அதனால் தங்கை லம்துவன் சொங்க்லாவிலிருந்து அவனுக்கு எது எழுதினாலும் இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுவாள். மொழி அவர்களுடையது, எழுத்து மட்டும் இரவல். pee என்றால் அண்ணன். ma என்றால் வா. die என்றால் முடியும். வாயால் சொல்லும்போது ‘டாய்’ என்று இழுபடும். கடைசியில் ஒரு mai சேர்த்துவிட்டால் கேள்வி.

pee ma die mai. வர முடியுமா, அண்ணே?

இப்படி அடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் தவின். சொங்க்லா டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், மழைக்காலம் முடிந்ததும் அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். அப்பா இல்லாத வீடு. மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலமாக வந்து நிற்கும்போது வாசலில் நின்று வரவேற்க அண்ணன் வேண்டும். அதற்காகத்தான் மாதாமாதம் அந்தக் கேள்வியை அனுப்பிக்கொண்டிருந்தாள். கப்பல் ஏதாவது கரையை ஒட்டி வரும்போது பதில் வரும். ‘இன்னும் தெரியலை.’ ‘கேப்டனைக் கேட்கணும்.’ ஒருமுறை கேலியாகவும் எழுதினான். அவர்கள் பேச்சில் அண்ணனைக் கூப்பிடும் அதே சொல்லைக் குரல் ஏற்றிச் சொன்னால் பேய் என்று அர்த்தம். இங்கிலீஷ் எழுத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ‘நீ கூப்பிடறது என்னையா, பேயையா? தெளிவா எழுதுடி’ என்று எழுதியிருந்தான். அம்மாவிடம் படித்துக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

அந்தப் புதன்கிழமை அவள் மீன் டின் அடைக்கும் ஆலையில், சூரை மீனின் தலையைக் கொய்துகொண்டிருந்தபோது இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுப் பார்த்தாள். போன வாரம் அனுப்பிய கேள்விக்குப் பதில்.

pee die fri.

அண்ணனால் முடியும். அந்தக் கடைசி மூன்று எழுத்து போனின் மூலையில் வாரா வாரம் வருவதுதான்: வெள்ளிக்கிழமை.

“வர்றான்டி! வெள்ளிக்கிழமை வர்றான்!” என்று பக்கத்து மேடையில் நின்ற ஒராயின் தோளை ஈரக் கையால் அடித்தாள்.

“சீ, மீன் நாத்தத்தை என் மேல பூசாதே” என்றாள் ஒராய். “உங்கண்ணன் கரையேறிட்டா கப்பல்காரங்க பிழைச்சாங்க. அவன் வச்ச குழம்பைத் தின்னுட்டு எத்தனை பேரு கடல்ல குதிச்சானோ.”

“இந்த வாயை வச்சுக்கிட்டுத்தான் உனக்கு ஒருத்தனும் அமையலை.”

“உங்கண்ணன் வரட்டும், அப்புறம் பாரு.”

லம்துவன் சிரித்துக்கொண்டே பதில் அடித்தாள். die die, ma ban na. சரி சரி, வீட்டுக்கு வந்துடு. இரண்டு முறை சொன்னால்தான் சந்தோஷம் தெரியும் என்று இரண்டு முறை போட்டாள்.

அவர்கள் வீடு ஏரி நடுவே கோ யோ தீவில். அம்மா சஇங்குக்குக் கண்ணில் புரை. எதிரே வருபவர் உருவம் தெரியும், முகம் தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் அவள் முதலில் போனது முற்றத்து மூலைக்கு. அங்கே ஒற்றைத் தூண் மேல் வீட்டுக் காவல் சாமியின் சின்னக் கோயில் இருந்தது. ஊதுபத்தி ஏற்றி, சிவப்பு சர்பத் ஒரு பாட்டிலைத் திறந்து வைத்து, சாமியிடம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசினாள்.

“எம்மவன் வெள்ளிக்கிழமை வர்றான். இருட்டுல வந்து நிப்பான், யாரோ எவனோன்னு தடுத்துடாதீங்க. எந்தக் கோலத்துல வந்தாலும் உள்ள விடுங்க. குடிச்சிட்டு வந்தாலும் சரி.”

“குடிச்சிட்டு வந்தா நான் விடமாட்டேன்” என்றாள் லம்துவன்.

“நீ யாருடி, வீடு சாமியோடது” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை அவள் மதியமே ஆலையிலிருந்து கிளம்பிவிட்டாள். கொடுவாய் மீனும் மூங்கில் குருத்தும் போட்டு, மஞ்சள் தூக்கலாகப் புளிக்குழம்பு வைத்தாள். அண்ணனுக்கு அது கண்ணில் நீர் வரும் காரத்தில் இருக்க வேண்டும். பொழுது சாய்ந்தது. பாலத்தில் போகும் பஸ்ஸின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா தலையை நிமிர்த்தினாள். தெரு நாய்கள் குரைக்கவில்லை. அது பிறகுதான் லம்துவனுக்கு உறைத்தது. யார் வந்தாலும் குரைக்கும் நாய்கள் அன்று மாலை ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பெரிய தொட்டிச் சாடியில் குவளை மோதும் சத்தம். பிறகு மொண்டு ஊற்றும் சத்தம், தலை வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசாமல் நேரே பின்பக்கம் போய்க் குளிப்பது பிரயூனின் பழக்கம். கப்பல் எண்ணெய் வாடையோடு அம்மா முன்னால் நிற்க மாட்டான்.

“அண்ணே!” என்று கத்தினாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அங்கே யாரும் இல்லை. சாடியின் தகர மூடி மூடியபடி இருந்தது. குவளை அதன் மேல் கவிழ்ந்து கிடந்தது. குனிந்து தரையைத் தொட்டாள். சிமெண்டுத் தரை காய்ந்து, பகல் வெயிலின் சூட்டோடு இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

உள்ளே வந்தபோது அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“வந்துட்டான். வாசல்ல நின்னான். வாடான்னேன். குளிச்சிட்டு வர்றான் போல.”

“யாரும்மா? பின்னால யாரும் இல்லையே.”

“எம் பிள்ளை நிக்கற நிலை எனக்குத் தெரியாதா? இளைச்சுப் போயிட்டான்டி.”

லம்துவன் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். படியில் செருப்பு இல்லை, பை இல்லை. அம்மாவுக்குக் கண் மங்கல், ஆசை வேறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அம்மா எதிர்த் தட்டைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட்டாள். அந்தத் தட்டிலிருந்த சோறு விடிவதற்குள் ஊசிப்போயிருந்தது. அதே பானைச் சோறு பானையில் நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை காலையில் pee yu nai என்று அனுப்பினாள். எங்கே இருக்கே அண்ணே? பதில் கொஞ்ச நேரத்தில் வந்தது.

pee in ice. songkhla sunday.

ஊர்ப் பெயர் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதும் புரிந்தது. நடுவில் இருந்தது புரியவில்லை. பஸ் பிடித்துத் தவினின் கடைக்குப் போனாள்.

தவின் ஒரு போனின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “என்ன, மச்சான் வந்து இறங்கியாச்சா? எனக்கு என்ன கொண்டு வந்திருக்கார்?” என்றபடி போனை வாங்கிப் பார்த்தான்.

“ஐஸ்னு போட்டிருக்கு. இது இங்கிலீஷ் ஆச்சே. உங்கண்ணனுக்கு எப்போ இங்கிலீஷ் வந்துச்சு?”

“வராதே. ஒரு வார்த்தைகூட வராது.”

“அப்போ இதை எழுதினது யாரு?”

அவன் முந்தின செய்திக்குப் போனான். அதைப் பார்த்தான். உதடுகள் அசைய எழுத்துக் கூட்டிப் படித்தான். பள்ளிக்கூடத்தில் அவளைவிட இரண்டு பாடம் கூடுதலாக இங்கிலீஷ் படித்தவன், அவ்வளவுதான். ஆனால் நடுவிலிருந்த அந்த மூன்றெழுத்துச் சொல்லுக்கு அது போதும். போனைக் கண்ணாடி மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

“லம், உட்காரு.”

“என்னன்னு சொல்லு.”

“இதை நாம எழுதற மாதிரி படிக்காதே.”

“வேற எப்படிப் படிக்கறது? அண்ணனால முடியும், வெள்ளிக்கிழமை. அதானே?”

“இதை எழுதினவனுக்கு நம்ம மொழி தெரியாது. இங்கிலீஷ்ல இந்த நடு வார்த்தைக்கு வேற அர்த்தம். செத்துட்டான்னு அர்த்தம்.”

அவள் நின்றபடியே இருந்தாள். தெருவில் யாரோ பழம் விற்றுக்கொண்டு போனான். பிறகு மெல்லக் கேட்டாள்: “அப்போ ஒவ்வொரு மாசமும் நான் அவனுக்கு என்ன எழுதினேன்?”

தவின் எழுந்து கடைக் கதவை இழுத்துச் சாத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் துறைமுகத்தில் நின்றார்கள். கப்பலின் உறைமீன் அறையிலிருந்து பலகைப் பெட்டியை இறக்கினார்கள். பெட்டியின் இடுக்குகளில் வெண்பனி பூத்திருந்தது. ஆலையில் தினமும் அவள் கை படும் அதே குளிர், அதே வாடை. பெட்டியோடு ஒரு ஒல்லி மனிதன் இறங்கி வந்தான். இந்தோனேசியாவின் மக்காஸாரைச் சேர்ந்த ருஸ்லான், கப்பல் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவன். பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். தெரிந்த உடைசல் இங்கிலீஷில் பேசினான்; தவின் திக்கித் திக்கிச் சொன்னான்.

“உங்கண்ணன் இவனைத் தம்பியா வச்சுக்கிட்டாராம். என்னை pee-ன்னு கூப்பிடுன்னாராம். அதுதான் அவர் பேருன்னு இவன் நினைச்சிருக்கான். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அடுப்பு முன்னால நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாராம். அப்படியே போயிட்டாராம்.”

“அவன் ஏன் எங்களுக்குச் சொல்லலை?”

தவின் அதை அவனிடம் கேட்டான். ருஸ்லான் அவளைப் பார்த்த பார்வையில் ஆச்சரியமும் பயமும் கலந்திருந்தன.

“நீங்க கேட்டீங்க, நான் சொன்னேனேங்கறான். கரை பக்கம் வந்ததும் உங்க செய்தி வந்துச்சாம். pee, அப்புறம் die, கடைசியில mai; அப்படி முடிஞ்சா கேள்வின்னு உங்கண்ணன் பேச்சைக் கேட்டுத் தெரியுமாம். pee செத்துட்டாரான்னு கேக்கறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டு, வெள்ளிக்கிழமை செத்தார்னு எழுதினானாம்.” தவின் நிறுத்தினான். “வேண்டாம் லம், போதும்.”

“முழுசா சொல்லு.”

“போன்ல பழைய செய்தியெல்லாம் பார்த்தானாம். அவர் உயிரோட இருக்கும்போதே நீங்க மாசாமாசம் இதையே கேட்டிருக்கீங்க. உங்களுக்கு முன்னாலயே எப்படித் தெரியும்னு கேக்கறான்.”

லம்துவன் கப்பலின் துருவேறிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ருஸ்லான் தொடர்ந்து பேசினான். கேப்டனுக்கு உடலைக் கடலில் இறக்கிவிட வேண்டும் என்றுதான் எண்ணமாம்; எந்தத் துறைமுகத்திலும் பிணத்தோடு போய் நின்றால் தொந்தரவு. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார்களாம். அப்போதுதான் அவளுடைய இரண்டாவது செய்தி வந்தது. die die என்று தொடங்கும் செய்தி. தங்கை கதறுகிறாள் என்று ருஸ்லான் அதைக் கேப்டனிடம் கொண்டுபோய்க் காட்டினான். ma என்பதை அம்மா என்று எடுத்துக்கொண்டான். வீட்டுக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவும் அழுகிறாள், இனி எப்படித் தூக்கிப் போடுவது என்று சண்டை போட்டானாம். கேப்டன் திட்டிவிட்டுக் கப்பலைச் சொங்க்லாவுக்குத் திருப்பச் சொன்னானாம்.

“உண்மையில நீ என்ன எழுதினேன்னு அவனுக்குச் சொல்லட்டுமா?” என்று தவின் கேட்டான்.

“வேண்டாம்” என்றாள். “அவன் தூக்கத்தையாவது விட்டு வை.” பிறகு ருஸ்லான் முன் கைகூப்பித் தலை தாழ்த்தினாள். அவன் பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் தாடியில் இறங்கியது.

வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் ஊதுபத்தியோடு உட்கார்ந்தாள். செத்தவர்களை வீட்டுக்குக் கொண்டு போகும்போது வழி சொல்லிக்கொண்டே போக வேண்டும். பாலம் வந்தால் பாலம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உயிர் அக்கரையிலேயே நின்றுவிடும். ஏரிப் பாலம் வந்தது. வாயைத் திறந்தாள். pee என்று கூப்பிட வேண்டும். குரலை ஏற்றுவதா, இறக்குவதா என்று முதல் முறையாக அவளுக்குத் தெரியவில்லை. பாதிப் பாலம் கடந்த பிறகுதான், “பாலம் வருது, கூடவே வா” என்று பெயர் சொல்லாமல் முணுமுணுத்தாள்.

அம்மா வாசல் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“பிரயூனைக் கொண்டு வந்திருக்கோம்மா.”

“அவன்தான் வெள்ளிக்கிழமையே வந்துட்டானே” என்றாள் சஇங். “இது யாரு? யாரு வீட்டுப் பிள்ளையோ பாவம், கோயிலுக்குக் கொண்டு போங்க.”

யார் சொல்லியும் கேட்கவில்லை. பெட்டியைக் கோயில் மண்டபத்துக்குத்தான் கொண்டு போனார்கள். பிக்குகள் ஓதிய மூன்று மாலைகளும் அம்மா வரவில்லை. எரிக்கும் நாளன்று வந்தாள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, முகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, காது மடல். நீண்ட நேரம் தடவினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, “ரொம்பக் குளிருதே இவனுக்கு” என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. சாம்பலை ஏரியில் விடும்போதும் படகில் ஏறவில்லை.

கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. நடந்தபோது அம்மாவே வாசலில் நின்று மாப்பிள்ளை ஊர்வலத்தை வரவேற்றாள். லம்துவன் டவுனில் கடைக்கு மேல் இருந்த அறைக்குக் குடி போனாள். அதன்பின் அவள் யாருக்கும் எழுத்தில் எதுவும் அனுப்பியதில்லை. பேச வேண்டியதைப் போனில் வாயால் பேசுவாள். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போனால் பொழுது சாய்வதற்குள் பாலத்தைத் தாண்டிவிடுவாள்.

புரை முற்றி அம்மாவுக்குப் பார்வை சுத்தமாகப் போனபோது, அவளைத் தங்களோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்று தவின் கோ யோவுக்குப் போனான். துணிமணிகளைக்கூட மூட்டை கட்டிவிட்டான். சஇங் படியில் உட்கார்ந்து அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

“நீ நல்ல பிள்ளைப்பா” என்றாள். “ஆனா வீட்டுல ஆள் இருக்கு. பூட்டிட்டு எப்படி வர்றது?”