ஒன்பதாவது ஃபிரெட்டுக்கு மேலே

என் இடத்தில் உட்காரப்போகிறவளுக்குக் கிட்டார் தேர்ந்தெடுக்க என்னையே கூட்டிக்கொண்டு போனான் தம்பி. "உன்னை விட்டா யாருக்குக்கா தெரியும்?" என்றான். அதை அவன் பெருமையாகச் சொன்னான் என்பதுதான் வேடிக்கை.

உட்காரப்போகிறவள் என்று நான் சொல்வதுகூடத் தப்பு. அவள் நிற்கப்போகிறாள். நான்தான் இருபத்திரண்டு வருஷமாக அந்த ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தேன். என் கிட்டார் பெரிய வயிற்றுக்காரி. மடியில் ஏற்றிவிட்டால் கழுத்துக்குக் கீழே நான் இல்லை. புதிதாக வந்த மேனேஜர் விளம்பரத்துக்கு எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "பாடுறவர் தெரியறார். பின்னால பீரோ மாதிரி ஏதோ இருக்கே, அது என்ன?" என்று கேட்டாராம். தம்பி வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். மறுவாரமே முடிவாகிவிட்டது. இனிமேல் அவன் மனைவி பக்கத்தில் நின்று வாசிப்பாள். எனக்கு ஓய்வு.

"உனக்கும் வயசாகுதுல்லக்கா. எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவ?"

எனக்கு நாற்பத்தேழு. கஷ்டப்படுகிறேன் என்று யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. அந்த வேலை முதலில் எனக்குத்தான் கிடைத்தது. ஒருநாள் இரண்டு பாட்டுப் பாட வந்தவன்தான் இவன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியது என்று மனதுக்குள் நூறு முறை சொல்லியிருப்பேன். வாயைத் திறந்து ஒரு முறையும் சொல்லவில்லை.

கடை, ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கிட்டார்களைக் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரர் வலது கட்டை விரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தார். வாசிக்கிறவர்தான் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

"நின்னுகிட்டு வாசிக்கணும். ஒயர் மாட்டுற மாதிரி, உடம்பு ஒல்லியா இருக்கணும்" என்றான் தம்பி.

கடைக்காரர் அவன் மனைவியைப் பார்த்தார். "ஆளும் ஒல்லி, அதுவும் ஒல்லியா? காத்தடிச்சா ரெண்டையும் பிடிக்க ஆள் வேணுமே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒல்லிக் கிட்டாருக்குத் தானாக வரும் குரல் சின்னது. கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் மைக் அதை வாங்கி ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும். அதனால் இரண்டு தடவை சோதிக்க வேண்டும். ஒயர் இல்லாமல் ஒரு தடவை. ஒயர் மாட்டி, ஸ்பீக்கரில் எக்கோவைச் சுத்தமாக மூடிவிட்டு இன்னொரு தடவை. கடைகளில் எப்போதும் எக்கோவைத் திறந்தே வைத்திருப்பார்கள். எக்கோ இருந்தால் கழுதை கத்தினாலும் கச்சேரிதான்.

மூன்றை இறக்கி வைத்தார். கறுப்பை ஒரு நிமிஷத்தில் ஒதுக்கினேன். இரண்டாவது, பூச்சில்லாத மரத்தின் நிறம். ஒயர் இல்லாமல் வாசித்தேன். குரல் சின்னதுதான், ஆனால் ஆறு கம்பிகளும் ஒன்றையொன்று மதித்தன. இடது கை கழுத்தில் மேலே ஏறிப் போனது, இறங்கி வரவே மனமில்லாமல் அங்கேயே சுற்றியது. குனிந்து பார்த்தபோது என் முழங்கால்கள் தெரிந்தன. கிட்டார் வாசிக்கும்போது என் முழங்கால்களை நான் பார்த்ததே இல்லை. எழுந்து நின்றேன். நின்றும் வாசிக்க முடிந்தது.

இப்படி ஒன்றை எனக்கே வாங்கியிருக்கலாம் என்று தம்பிக்குத் தோன்றவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்கே தோன்றவில்லை. பீரோ என்றதும் சரி, நான் பீரோதான் என்று நகர்ந்துகொண்டேன்.

மூன்றாவது சிவப்பு. பழுத்த மிளகாய்போலப் பளபளத்தது. தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்தை நீளவாட்டில் பார்த்தேன். லேசாகத் திரும்பியிருந்தது. கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டிகளை நாங்கள் ஃபிரெட் என்போம். ஒன்பதாவது ஃபிரெட்டுக்கு மேலே எந்தக் கம்பியை அழுத்தினாலும், ஈ மாட்டிக்கொண்ட மாதிரி இரைந்தது. ஒயர் மாட்டி எக்கோவை மூடியதும் நாலாவது கம்பி மற்ற ஐந்தையும் மிதித்துக்கொண்டு ஓடியது. எக்கோவைத் திறந்தேன். எல்லாக் குற்றமும் தேனில் மூழ்கிப் போனது.

தம்பி மனைவி அதை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அழகாகத்தான் இருந்தாள், அதில் பொய் இல்லை. தம்பி நாலு பக்கமும் சுற்றிப் படம் எடுத்தான்.

"சிவப்பு வேண்டாம்டா" என்றேன். "கழுத்து திரும்பியிருக்கு. அந்த மரக்கலரை எடு."

நான் சொன்னது உண்மை. ஆனால் எந்தக் குரலில் சொன்னேன்? அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து அவனை எனக்குத் தெரியும். நான் கெஞ்சினால் கேட்பான். அடித்துச் சொன்னால் நேர் எதிராகச் செய்வான். அன்றைக்கு அடித்துச் சொன்னேன்.

"அவ அதுல அழகா இருக்கான்னு உனக்குக் கடுப்பு" என்று என் தோளை இடித்தான். "எங்கக்கா வேண்டாம்னு சொன்னா அது நல்ல சரக்குன்னு அர்த்தம், சார்."

கடைக்காரர் கடமைக்குச் சிரித்தார். நான் கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்ததை அவரும் பார்த்திருந்தார். பில் புத்தகத்தைத் தேடி எடுத்தார்.

அவனுக்கு ஃபோன் வந்தது. மாடிப்படிப் பக்கம் போனான். அவள் என் அருகில் வந்து குந்தினாள். இடது கை நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. நாலு மாதமாக, எனக்குக் கேட்கக் கூடாதென்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரவல் கிட்டாரில் பழகியவள். எனக்குக் கேட்டது. ஒவ்வொரு நாளும் கேட்டது. வளர்ந்துகொண்டே வந்ததும் கேட்டது.

"அக்கா, அவர் கெடக்கறார். அவருக்கு என்ன தெரியும்? நீங்க சொல்லுங்க, நெசமா எது?"

ஸ்பீக்கர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. எக்கோவின் திருகு இரண்டு விரல் தூரம். அதை மூடிவிட்டுப் பத்தாவது ஃபிரெட்டில் ஒரே ஒரு கம்பியை மீட்டினால் போதும். நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். அவளுக்குக் காது உண்டு. ஆனால் அந்தக் கிட்டாரோடு மேடையில் தடுமாறினாளென்றால் தம்பி என்னிடம்தான் திரும்பி வருவான். கணக்கு அவ்வளவுதான். அதை யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லக்கூட முடியாது. தயாராக உள்ளே இருந்தது.

"உனக்குப் பிடிச்சதையே எடு. சிவப்பும் நல்லாத்தான் இருக்கு."

"கழுத்து என்னமோன்னீங்களே?"

"அதெல்லாம் வாசிக்க வாசிக்கப் பழகிடும்."

அவள் முகம் தெளிந்தது. எனக்கு நல்ல காரியம் செய்த மாதிரி ஒரு நிம்மதிதான் வந்தது. இன்றுவரை என்னை உறுத்துவது அந்த நிம்மதி. தம்பியிடம் முதலில் உண்மையைச் சொன்னேனே என்று பல நாள் எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். நம்பமாட்டான் என்று தெரிந்து சொன்ன உண்மை அது. பிற்பாடு சொன்ன பொய்யே அதைவிட யோக்கியமானது.

அதற்குப் பிறகும் பதினைந்து நாள் நானே வாசித்தேன். பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவளுடைய முதல் நிகழ்ச்சி. தூண் ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்தேன். எதிரே யாரோ ஒருவர், தட்டைத் தவிர எதையும் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. மேடை நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது.

முதல் இரண்டு பாட்டும் கழுத்தின் கீழ்ப் பக்கத்திலேயே போய்விட்டன. மூன்றாவதில் மேலே ஏறியாக வேண்டும். ஏறினாள். இரைந்தது. எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி இரைந்தது. நாலாவது கம்பி குறுக்கே விழுந்து கத்தியது. நான் மேடையைப் பார்க்கவில்லை, மேசைகளைப் பார்த்தேன். ஸ்பூன்கள் நிற்கவில்லை. ஒரு குழந்தைக்கு வாயைத் துடைத்துவிட்டார்கள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான், என்றைக்கும்போல. மேனேஜர் என் பக்கமாக வந்து குனிந்து, "இப்பதான் ஸ்டேஜுக்கே ஒரு களை வந்திருக்கு. சவுண்டும் சூப்பர்" என்றார். எதிரே இருந்தவர் எலும்பை உறிஞ்சினார்.

பாட்டு முடிந்ததும் தம்பி மைக்கில், "இந்தக் கிட்டாரைத் தேடிப் பிடிச்சுக் குடுத்தது எங்க அக்கா. அதோ உக்காந்திருக்காங்க" என்றான். நான் வேண்டாம் என்றது அவனுக்கு நினைவே இல்லை. அன்பாகத்தான் சொன்னான். தலைகள் திரும்பின, கை தட்டினார்கள். நானும் எழுந்து கையை அசைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இடைவேளையில் அவள் தண்ணீர் குடிக்க என் மேசைக்கு வந்தாள். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"ஒம்பதுக்கு மேல இரையுதுக்கா" என்றாள், தம்ளரைப் பார்த்துக்கொண்டு.

தண்ணீர் ஜக்கை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"வாங்குன மறுநாளே கண்டுபிடிச்சிட்டேன். உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்ல?"

தெரியும் என்று தலையசைத்தேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீரை முழுவதும் குடித்து முடித்தாள்.

"நாலு நாள் தூங்கல, மாத்திடலாமான்னு. அப்புறம் போன வாரம் இங்க வந்து ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து பார்த்தேன், நீங்க வாசிக்கும்போது." குரலைத் தாழ்த்தினாள். "என்னமா வாசிச்சீங்கக்கா. ஒரு ஆள் நிமிந்து பாக்கல. இங்க யாருக்கா கேக்குறா? எதுக்கு மாத்தணும்?"

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். அடுத்த பாட்டில் தயங்காமல் மேலே ஏறினாள், தேவையில்லாத இடத்திலும் ஏறினாள். ஒவ்வொரு தடவையும் இரைந்தது. எதிரே இருந்தவர் முதன்முதலாக என்னை நிமிர்ந்து பார்த்து, உப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.