முதல் கோட்டில் ஒட்டிய பாட்டு

ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பக்கம் உள்ள ஒரு புத்தகத்தில் "இது ஏன் இப்படிக் கேட்கிறது" என்ற ஒரேயொரு கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அதை எழுதியவனை என்ன செய்யலாம்? கீர்த்தனி ரீச்சரிடம் கேட்டிருந்தால், துறைமுகத்து இறங்குதுறையில் கொண்டுபோய் நிறுத்தி ஒரு தள்ளுத் தள்ளலாம் என்று சொல்லியிருப்பாள். இத்தனைக்கும் அவள் பொறுமைசாலி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறவளுக்குப் பொறுமை இல்லாவிட்டால் முடியுமா? அப்பேர்ப்பட்ட மனுசியையே அந்தப் புத்தகமும் அதோடு வந்த பாழாய்ப்போன மென்பொருளும் மூன்று கிழமையில் பல்லைக் கடிக்க வைத்துவிட்டன.

விஷயம் இதுதான். திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் அவள் சங்கீத ஆசிரியை. அங்கே நடனம் படிப்பித்த சிவாஜினி, மாகாணப் போட்டிக்கென்று ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு குழு நடனம் பழக்கிக்கொண்டிருந்தபோது, இடமாற்றம் கிடைத்து மூதூர்ப் பக்கம் போய்விட்டாள்.

"கால் வேலை எல்லாம் முடிஞ்சுது அக்கா. பாட்டோட கையைச் சேர்க்கிறதுதான் மிச்சம். பாட்டுப் பதிவு வந்தால் அதைக் கேட்டுப் பிள்ளையளே சேர்த்திடுவினம். அவையளைக் கைவிட்டுடாதைங்கோ" என்று போகும்போது கையைப் பிடித்துச் சொன்னாள்.

"கைவிடுவனோ? என்ன கதை கதைக்கிறீர்!" என்றாள் கீர்த்தனி. ஐவரில் மூத்தவள் டிலக்சிகா. அடுத்த வருடம் அவளுக்கு வயது கடந்துவிடும். ஆடினால் இந்த முறை ஆட வேண்டும், இல்லாவிட்டால் இல்லை. அது கீர்த்தனிக்கு நன்றாகத் தெரியும்.

முன்னைய வருடங்களில் மேடையோரம் இருந்து பாடிவிட்டு வருவாள், வேலை முடிந்தது. இந்த முறை வந்த சுற்றறிக்கையோ, நேரடியாகப் பாடவும் வாசிக்கவும் ஏலாது, பாட்டைப் பதிவுசெய்து பென் டிரைவில் கொண்டுவர வேண்டும் என்றது. மிருதங்கத்துக்குச் சுகிர்தன் இருந்தான். தம்பலகாமத்தில் வயல் செய்கிறவன், கோயிலில் வாசிப்பவன், அவளுக்கு இளையவன் என்றாலும் சின்ன வயதில் அவளோடு ஒரே குருவிடம் சங்கீதம் படித்தவன். அவன் வாசித்துத் தன் போனில் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். பாட்டை முடிக்க வாசித்த கடைசித் தீர்மானத்துக்குப் பின்னால் ஒரு ட்ராக்டர் உறுமுவதும் அதில் இருந்தது. அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அவன் வாசித்ததை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தான் பாடியதையும் பதிந்தாள். இனி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' தான் ஆளைத் தின்றது.

மென்பொருளைக் கணினி லாபில் போட்டுத் தந்தவர் அஷ்ரப் சேர். கிண்ணியாக்காரர், கணினிப் பாட ஆசிரியர், நல்ல மனிதர். "பெரிய பெரிய ஸ்டூடியோக்காரனெல்லாம் இதத்தான் பாவிக்கிறான் ரீச்சர். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. எல்லாம் மனுவல்ல இரிக்கி" என்றார். அந்த மனுவலை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்பது பின்னால்தான் தெரியவந்தது.

மனுவலில் எல்லாம் இருந்தது உண்மைதான். சத்தத்தைக் கூட்டும் குமிழைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. அதன் சாரம், இந்தக் குமிழ் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். சரி, கண் உள்ள எவருக்கும் தெரிந்ததுதானே! ஆனால் இரண்டு பதிவுகளை எப்படி ஒன்றாக வைப்பது என்று தேடினால், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் "அறுநூற்று நாற்பதைப் பார்க்கவும்" என்றது. அறுநூற்று நாற்பதாம் பக்கம், "இருநூற்றுப் பன்னிரண்டில் விளக்கியபடி நீங்கள் ஏற்கெனவே அமைத்திருப்பீர்கள்" என்றது. கீர்த்தனி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நாலு தரம் போய் வந்தாள். இன்னோர் இடத்தில், "இந்த வசதி முந்தைய பதிப்பில் இருந்தது போலவே இயங்கும்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. முந்தைய பதிப்பை அவள் கண்டாளா, கேட்டாளா?

மனுவலை மூடிவிட்டு யூடியூப்பைத் திறந்தாள். அங்கே ஒரு சென்னைப் பையன் கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்துகொண்டு, "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கி, மூன்று நிமிடம் தன் சனலைப் பற்றியே பேசினான். பிறகு, "இப்ப நீங்க பாத்தீங்கன்னா" என்று சொல்லி, ஒருவரும் பார்க்க முடியாத வேகத்தில் நாலு இடத்தில் அழுத்தினான். அவன் திரை கறுப்பு, இவள் திரை சாம்பல். அவனுக்கு மேலே இருந்த பட்டன் இவளுக்குக் கீழேயும் இல்லை. வீடியோவுக்கு அடியில் மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ இதே சந்தேகத்தைக் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக இந்தோனேசியாவில் இருந்து ஒருவர், தனக்கும் இதே பிரச்சினை என்று எழுதியிருந்தார். பாவம், அவரும் இன்னும் காத்திருக்கிறார் போலும்.

ஆனால் அந்தப் பையன் ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாக, நிறுத்தி, இரண்டு தரம் சொன்னான். "முதல் ரூல் இதுதான். பாட்டுக்கு முன்னாடி இருக்கிற வெத்து இடத்தை வெட்டித் தள்ளுங்க. எல்லா ட்ராக்கும் முதல் கோட்டுல ஒட்டி நிக்கணும். அப்பதான் டைமிங் பக்காவா இருக்கும்."

அப்பாடா, விளங்குகிற மாதிரி ஒரு வார்த்தை! கீர்த்தனி அப்படியே செய்தாள். மிருதங்கத்தின் முன்னால் இருந்த வெற்றிடத்தை வெட்டினாள், தன் குரலுக்கு முன்னால் இருந்ததையும் வெட்டினாள், இரண்டையும் இழுத்துக்கொண்டு போய் முதல் கோட்டில் விட்டாள். திரையில் பார்க்க அழகாக இருந்தது. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்பது போல இரண்டும் ஒரே கோட்டில் நின்றன.

போட்டுக் கேட்டாள். என்னவோ சரியில்லை.

குரலை மட்டும் தனியாகப் போட்டால் சரி. மிருதங்கத்தை மட்டும் போட்டால் அதுவும் சரி. சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதை இடிக்கிறது. இதென்ன கூத்து என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்கக் கேட்கத் தன் காதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரையில் துல்லியமாக நிற்கிறதே, கண்ணால் காண்கிறது பொய்யாகுமா?

"அது லேட்டன்சி ரீச்சர். சத்தம் வயருக்குள்ளால வாறத்துக்குக் கொஞ்சம் சுணங்கும். முப்பத்தோராம் அத்தியாயம் பாருங்க" என்றார் அஷ்ரப் சேர், தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு.

அவ்வளவுதான், பிடித்தது சனியன். பாடசாலை விட்ட பிறகு தினமும் லாபில் குந்தியிருந்து முப்பத்தோராம் அத்தியாயத்தோடு மல்லுக்கட்டினாள். ஒரு எண்ணைக் கூட்டினால் குரல் கரகரத்தது, குறைத்தால் கணினி உறைந்தது. யன்னலுக்கு வெளியே மைதானத்தில், நகரத்துத் தெருவெல்லாம் திரியும் மான்கள் புல் மேய்ந்துகொண்டு நின்றன. அதுகளுக்கு ஒரு கவலையும் இல்லை என்று பொறாமைப்பட்டாள்.

இதற்கிடையில் பிள்ளைகள் பாட்டுக் கேட்டு நின்றார்கள். "இது தற்காலிகம் பிள்ளையள். பிழையிருக்கு, திருத்தித் தருவன். அதுவரைக்கும் இதை வைச்சுப் பழகுங்கோ" என்று அந்த முதல் பதிவையே டிலக்சிகாவின் கையில் கொடுத்துவிட்டாள். அவர்கள் மண்டபத்தில் தனியே பழகினார்கள், ரீச்சர் லாபில் தனியே மாய்ந்தாள். இடைக்கிடை எட்டிப் பார்த்தபோது கால்கள் மிருதங்கத்தோடு அச்சொட்டாக விழுந்தன. சந்தோசப்பட்டுக்கொண்டு திரும்பவும் முப்பத்தோராம் அத்தியாயத்துக்கு ஓடினாள்.

போட்டி திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை ட்ராக்டருக்கு ஏதோ சாமான் வாங்க நகரத்துக்கு வந்த சுகிர்தன், உவர்மலையில் இருக்கும் அவள் வீட்டுக்கும் வந்தான். அஷ்ரப் சேரிடம் கேட்டு லாப் கணினியை அவள் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள்.

"இங்க பார் சுகிர்தன். ரெண்டும் ஒரே கோட்டிலதானே நிக்குது? ஒரு மயிரிழை விலகியிருக்கோ, சொல்லு!"

"நான் கண்ணாடி கொண்டுவரேல்ல அக்கா. பாட்டைப் போடுங்கோ."

கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டான். முதல் தட்டு விழுந்தது, கூடவே அவள் குரலும் விழுந்தது. அவன் கை அந்தரத்தில் நின்றது.

"என்னக்கா இது? அரை இடம் எங்க போனது?"

"எந்த அரை இடம்?"

"அனாகத எடுப்பெல்லோ இந்தப் பாட்டு! தட்டு விழுந்து, அரை இடம் விட்டுத்தானே நீங்கள் எடுக்கவேணும். இதில தட்டோட சேர்த்து எடுத்திருக்கிறியள்."

கீர்த்தனிக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த அரை இடத்தை அவள்தான் வெட்டினாள். வெறும் மௌனம் என்று நினைத்து, வெற்றிடம் என்று நினைத்து, தன் கையாலேயே வெட்டிக் குப்பையில் போட்டாள். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிப் பாடியிருந்தால் முதல் வரியிலேயே நிறுத்தியிருப்பாள். திரையில் கோடு நேராக இருக்கிறதென்று மூன்று கிழமை தன் காதை நம்பாமல் விட்டாளே! அந்தப் பையன் சொன்னதில் பிழையில்லை. அவன் போடும் பாட்டுகளெல்லாம் முதல் தட்டிலேயே தொடங்கிவிடும். இப்படியும் ஒரு பாட்டு இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது, மனுவல் எழுதியவனுக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

குரலைப் பிடித்து ஒரு துளி வலப்பக்கம் நகர்த்தினாள். கோடு கோணலாகிப் போனது. பாட்டு நேராகியது. இரண்டு பேரும் முழுப் பாட்டையும் இருந்து கேட்டார்கள். சுகிர்தன் கடைசியில் தன் ட்ராக்டர்ச் சத்தத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

ஞாயிறு காலை பிள்ளைகளை மண்டபத்துக்கு அழைத்து, "இந்தா, சரியான பாட்டு வந்திட்டுது!" என்று பெருமையாகப் போட்டாள்.

ஐந்து பேரும் முதல் வரியிலேயே தடுமாறினார்கள். கால் சரியாக விழுந்தது. கையோ பாட்டுக்கு முன்னால் ஓடிப்போய் நின்று, பாட்டு வந்து சேரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தது. கைகளைப் பிடித்து வைத்துக்கொண்டால் கால் பிசகியது. இன்னொரு தரம் போட்டாள், பிறகும் போட்டாள். மத்தியானத்துக்குள் பதினொரு தரம் ஆடிவிட்டார்கள், ஒவ்வொரு தரமும் முன்னதைவிட மோசம். சின்னவள் ஒருத்தி அழத் தொடங்கிவிட்டாள்.

"ரீச்சர், இந்தப் பாட்டுப் பிழை. பழைய பாட்டைப் போடுங்கோ" என்றாள் டிலக்சிகா.

கீர்த்தனி பழையதைப் போட்டாள். ஐந்து பேரும் ஒருத்தியைப் போல ஆடினார்கள். முகத்தில் சிரிப்பு வந்தது, கையும் காலும் கண்ணும் ஒன்றாய்ப் போயின. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு வரியும் நெஞ்சில் குத்தியது. எது சரி, எது பிழை? தாளம் சரியாக இருக்கும் பாட்டில் பிள்ளைகள் விழுகிறார்கள். பிழையான பாட்டில் இவ்வளவு வடிவாக ஆடுகிறார்கள். ஒரு நாளில் இதை மாற்ற ஏலாது. மாற்ற வெளிக்கிட்டால் டிலக்சிகாவின் கடைசி மேடை நாசமாகிவிடும். அன்று பின்னேரம் பென் டிரைவில் அவள் ஏற்றியது பழைய பாட்டைத்தான்.

திங்கட்கிழமை, மேடையோரத்தில் நின்றபடி தன் குரல் மண்டபம் முழுவதும் பிழையாகக் கேட்பதைக் கேட்டாள். முன்வரிசையில் நடுவராக இருந்த வயதான வித்துவான் ஒருவர் தொடையில் தாளம் போடத் தொடங்கி, இரண்டாம் வரியில் நிறுத்தி, நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளின் காலைப் பார்த்துத் திரும்பவும் போட்டார். பிள்ளைகளோ ஒன்றும் அறியாமல் ஆடி முடித்து, மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

முதலாமிடம். பேர் வாசித்தபோது டிலக்சிகா கத்திய கத்தலில் பக்கத்திலிருந்த வேறு பாடசாலைப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் கொழும்பில் தேசியப் போட்டி. புள்ளித்தாளை வாங்கக் கீர்த்தனி நடுவரின் மேசைக்குப் போனாள்.

"பிள்ளையள் தாளத்தில நிண்டு ஆடியிருக்கினம். நல்ல பிள்ளையள்" என்றார் வித்துவான். "ஆனா அந்தப் பாட்டோட கொழும்புக்குப் போகாதைங்கோ. பாடின ஆளுக்கு எடுப்பே பிடிபடேல்ல. அதுக்கேத்த மாதிரிக் கையை மாத்திச் சமாளிச்சிருக்குதுகள் பாவங்கள். வேற ஆளைக் கொண்டு பாடுவியுங்கோ. எழுதியும் விட்டிருக்கிறன்."

சரியான பாட்டு அவள் கைப்பையில், இன்னொரு பென் டிரைவில் இருந்தது. எடுத்துப் போட்டுக் காட்டினால் ஒரு நிமிடத்தில் அவள் மானம் மிஞ்சும். கூடவே, பிள்ளைகளின் கை சமாளித்த கையல்ல, பிழையாகவே பழகிய கை என்பதும் தெரிந்துபோகும். அவள் கைப்பையைத் திறக்கவில்லை.

"ஓம் சேர். வேற ஆளைப் பாக்கிறன்."

"ஆர் பாடினது?"

"நான்தான் சேர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் என்ன பாடம் படிப்பிக்கிறியள்?"

"சங்கீதம் சேர்."

"எத்தினை வருசமா?"

"பதினாறு வருசம்" என்றாள் கீர்த்தனி.

அவர் தாளை நீட்டினார். அவள் அதை இரண்டாக மடித்து வாங்கிக்கொண்டு, இன்னும் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போனாள்.